மூன்று இழுப்பு

கெயோன் துறைமுகத்துக்குத் தெற்கே
தகரக் கூரை போட்ட சுகாதார நிலையம்.
மழை பெய்தது. இங்கே அது ஒரு செய்தியே இல்லை.

எலாடியோ சிகுவாய் வந்தார்.
ஒரு வாளி நிறையக் கடல் முள்ளெலிகள்,
"சிஸ்டருக்கு" என்று மேசைக்கடியில் தள்ளினார்.
மடித்த படிவத்தை மேசைமேல் வைத்தார்.
திங்கட்கிழமை முங்க வேண்டும், ஒரு கையெழுத்து போதும்.

பின்னால் நோல்ஃபா, அவர் மனைவி.
இருபத்தாறு வருடமாகப் படகில் உட்கார்ந்து
அவர் மூச்சுக் குழாயைக் கையில் பிடித்திருப்பவள்.
அவள் மூன்று தரம் இழுத்தால்
பறித்ததைப் போட்டுவிட்டு அவர் மேலே வந்தாக வேண்டும்.

முதலில் பார், பிறகு தொடு,
தட்டு, கடைசியில் காது கொடு:
நான் படித்த வரிசை அது.
ஆனால் கதவிலிருந்து நாற்காலிக்கு வந்த
ஏழு தப்படியிலேயே பாதி முடிந்திருந்தது.
பூட்ஸ் நுனி பலகையைக் கீறியது.
சில்லறை தொலைத்தவர் போலக்
கண் தரையை விடவில்லை.
"குடியன்னு சொல்றாங்க," என்றாள் நோல்ஃபா.
"ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்லை."

சிரிக்கச் சொன்னேன். இரு பக்கமும் சமமாகச் சிரித்தார்,
மூன்று பல் குறைவாக.
நாக்கு நடுவில். டார்ச்சுக்கு இரண்டு பாவையும் சுருங்கின.
அவர் பிடித்த பிடியில் என் மோதிரம் விரலில் பதிந்தது.
இடது கை மட்டும் தோளுக்கு மேல் ஏறவில்லை.
உள்ளங்கையை அங்கே வைத்தேன்.
மூட்டுக்குள் மணல் அரைபட்டது.
எப்போதோ அவசரமாய் மேலேறிய நாளில்
ஒரு குமிழி எலும்புக்கான ரத்தத்தை மறித்திருக்கும்.

இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் நிறுத்தினேன்.
"எந்தக் காதில் கேட்கிறது?"
"இடது."
வலது காதைக் கடல் வாங்கிக்கொண்டிருந்தது.
அதே கவையைக் கணுக்காலில் வைத்தேன்.
"நின்னுடுச்சு," என்றார்.
என் விரல்களுக்குள் அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

சுத்தியல் பட்டதும் முழங்கால் என்னை உதைக்கப் பார்த்தது.
உள்ளங்காலைச் சாவியால் கீறினேன்.
கட்டைவிரல் மேல்நோக்கி நிமிர்ந்தது,
ஆறு மாதக் குழந்தைக்கு நிமிர்வது போல.
ஐம்பத்து மூன்று வயதுக் காலுக்கு அது ஆகாது.

"பாதம் சேர்த்து நில்லுங்கள். கண்ணை மூடுங்கள்."
சாய்ந்தார்.
என் கை போவதற்குள் நோல்ஃபாவின் கை அங்கே இருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவருக்கு ஆழம் தெரியும், பாகம் பாகமாக.
கால்தான் தெரியவில்லை.
கலங்கல் நீருக்குள்
உன் பாதம் எங்கே என்று யார் கேட்டார்கள்?

உட்கார வைத்தேன். "கண் மூடியே இருக்கட்டும்.
கட்டைவிரலை அசைக்கிறேன். மேலேயா, கீழேயா?"
"மேலே." சரி.
"கீழே." சரி.
"கீழே." அதுவும் சரி.
எட்டுக்கு எட்டு.

அதிர்வு தெரியாத, நிற்கத் தெரியாத காலுக்கு
எட்டுக்கு எட்டா?
குனிந்த தலையை நிமிர்த்தினேன்.
அவர் சட்டைக் கையின் ஓரத்தில்
நோல்ஃபாவின் இரண்டு விரல்கள்.
ஓர் இழுப்பு, மேலே.
இரண்டு இழுப்பு, கீழே.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரலைப் பிடித்தபடி
அசைக்காமல் இருந்தேன்.
"இப்போது?"

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
சட்டை அசையவில்லை.
மூடிய இமைக்குள் அவர் கருவிழி உருண்டது.
வாளிக்குள் முள்ளெலிகள்
ஒவ்வொரு முள்ளையும் தனித்தனியே அசைத்துக்கொண்டிருந்தன.
"நோல்ஃபா?" என்றார்,
மேலே காற்று இயந்திரம் நின்றுவிட்டதோ என்பது போல.

அவள் என்னைப் பார்த்தாள்.
படிவத்தைப் பார்த்தாள்.
பிறகு சட்டையை இழுத்தாள்.

ஒன்று.
இரண்டு.
"கீழ..." என்று அவர் வாயெடுத்தார்.

மூன்று.

எலாடியோ, அவசரப்படாமல்,
கண்ணைத் திறந்தார்.